ப்ரோமாஸ்டர் வானுக்கு உள்வேலை: எந்த இன்சுலேஷன், எந்த ஒழுங்கில?

பனங்கூடல் (ஸ்காபரோ)

வணக்கம். ராம் ப்ரோமாஸ்டர் 2500, 159 அங்குல வீல்பேஸ், உயரக் கூரை, பெற்றோல் இஞ்சின். சாமான் ஏத்தின வான், உள்ளுக்கு வெறுந் தகரம்தான். பின்கதவு ரெண்டிலயும் கண்ணாடி இருக்கு, பக்கங்களில ஜன்னல் இல்லை. ரெண்டு பேர் படுக்க ஒரு கட்டில், சின்னக் குசினி, கூரையில ஒரு விசிறி. இவ்வளவுதான் திட்டம். கோடையில சுப்பீரியர் ஏரிப் பக்கம், மாசியில அல்கொன்குயின் பூங்காவில மியூ லேக் முகாம். ஆகவே இரவில மைனஸ் 20 வரைக்கும் யோசிக்க வேணும்.

தின்சுலேட் எண்ட செயற்கைப் பஞ்சோ, பிங்க் ஃபோம் பலகையோ, செம்மறி ஆட்டுக் கம்பளியோ? கேட்ட இடமெல்லாம் ஆளுக்கொரு கதை சொல்லினம். வீட்டுச் சுவருக்கு அடிக்கிற மாதிரி உள்பக்கம் பிளாஸ்ரிக் தாள் அடிக்க வேணுமோ? தரைக்கு எவ்வளவு தடிப்பு விடலாம்? என்ர உயரம் 5 அடி 10. எல்லாம் முடிஞ்ச பிறகு நிமிர்ந்து நிக்கவும், குறுக்காப் படுக்கவும் ஏலுமோ?

தச்சுப்பட்டறை (கால்கரி)

பொருளை அப்புறம் பார்க்கலாம் நண்பரே. வேன் வேலை கெடுறதுக்கு முக்கால்வாசிக் காரணம் வரிசை தப்புறதுதான்.

முதல் வேலை ஓட்டை. கூரை விசிறி, ஹீட்டரோட புகைக்குழாய், வெளியிலிருந்து கரண்ட் எடுக்கிற சாக்கெட், தகட்டை வெட்டுற எல்லாத்தையும் இன்சுலேஷன் ஒட்டுறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. வெட்டும்போது பறக்கிற இரும்புத்தூள் பஞ்சுக்குள்ள போச்சுன்னா எடுக்கவே முடியாது. தரை வரிகள்ல விழுந்தது ஒரே ராத்திரி பனியில துரு பிடிச்சிடும். வெட்டுற இடத்துக்குக் கீழே ஒரு பெரிய அட்டைப்பெட்டியை டேப் போட்டு ஒட்டி வச்சுட்டு வெட்டுங்க, முடிச்சதும் வாக்குவம் போடுங்க.

விசிறிக்கு 14-க்கு 14 அங்குல ஓட்டை. உள்ளேயிருந்து நாலு மூலையிலும் சின்ன ட்ரில் ஓட்டை போட்டு, கூரைக்குக் குறுக்கே போற சட்டம் எதுவும் மாட்டலையான்னு பார்த்துட்டு, மேலேயிருந்து ஜிக்சாவில் மெல்லிய பல் உள்ள உலோக பிளேடு போட்டு வெட்டணும். வெட்டின விளிம்பை அரம் போட்டு மழுக்கி, ப்ரைமர் ஒரு கோட், பெயிண்ட் ரெண்டு கோட், நல்லா காயணும். இந்த இடத்துல அவசரப்பட்டா துரு உள்ளுக்குள்ளேயே ஊர்ந்து போகும். ப்ரோமாஸ்டர் கூரை தட்டை கிடையாது, நீளவாக்குல மேடும் பள்ளமுமா இருக்கும். அதுக்குன்னே விக்கிற அடாப்டர் சட்டத்தை வாங்கிக்கிறது நல்லது. அடியில பியூட்டைல் (பிசுபிசுப்பான ரப்பர்) டேப். மேலே விளிம்பு, ஸ்க்ரூ தலை எல்லாத்தையும் மூடுற மாதிரி, தானாப் பரவி மட்டமாகுற கூரை சீலண்ட். சிலிக்கான் வேண்டாம், பின்னாடி அதுமேல வேற எதுவுமே ஒட்டாது. கூரைத் தகட்டுல ஸ்க்ரூ மட்டும் கடிச்சு நிக்காது, ரொம்ப மெல்லிசு. உள்பக்கம் முக்கால் அங்குல மரச் சட்டம் ஒண்ணு செஞ்சு அதுல இறங்குற மாதிரி முடுக்குங்க.

அடுத்தது சத்தம். அதிர்வை அடக்குற பியூட்டைல் ஷீட்டை வேன் முழுக்க ஒட்டித் தீர்க்கிறவங்க இருக்காங்க. காசுக்கும் எடைக்கும் கேடு. தட்டிப் பார்த்து தகரடப்பா மாதிரி அதிர்ற பெரிய தகடுகளோட நடுவுல, பரப்புல கால் பங்கு ஒட்டினாலே அதிர்வு அடங்கிடும். வீல் ஆர்ச்சுக்கு மட்டும் முழுசா ஒட்டலாம். தார் கலந்த மலிவு ஷீட் வெயில்ல நாறும், வழியும். பியூட்டைல்தானான்னு பார்த்து வாங்குங்க.

மூணாவது வயரிங். வீட்டுக்குப் போடுற ஒற்றைக் கம்பி கேபிள் வேண்டாம், அதிர்வுல முறியும். பல மெல்லிய இழை முறுக்கின, படகுக்குப் போடுற ரகம் வாங்கி, தகட்டு ஓட்டை வழியா போற இடத்துல எல்லாம் ரப்பர் வளையம் போடுங்க. மூடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவருக்கும் அளவு டேப்பை நீட்டிப் பிடிச்சு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. பிறகு அலமாரிக்கு ஸ்க்ரூ அடிக்கும்போது அந்தப் போட்டோதான் காப்பாத்தும்.

அப்புறம் இன்சுலேஷன், தரை, கூரைப் பலகை, கடைசியா சுவர். சுவர்ப் பலகை தரைமேல நிக்கும், கூரைப் பலகையோட ஓரத்தையும் தாங்கும். அதனாலதான் அதுக்குக் கடைசி இடம்.

தரையைக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன். உங்க சரக்குத் தரை ஏறக்குறைய 3.7 மீட்டர் நீளம், 1.9 மீட்டர் அகலம். 1 அங்குல எக்ஸ்பிஎஸ் பலகை (நீங்க சொன்ன பிங்க் ஃபோம்தான்) 2-க்கு 8 அடி அளவுல கிடைக்கும். குறுக்கா வெட்டி அடுக்கினா ஆறு பலகை. அதுமேல 12 மி.மீ. ப்ளைவுட், 4-க்கு 8 அடியில மூணு ஷீட். ஃபோம் இணைப்பும் ப்ளைவுட் இணைப்பும் ஒரே கோட்டுல வரக்கூடாது. 6 மி.மீ. ப்ளைவுட் போட்டா ஸ்டூல் கால் நிக்கிற இடத்துல ஃபோம் அமுங்கிக் குழி விழும், பிறகு நடக்கிறப்பல்லாம் கிறீச்னு கத்தும். தரைத் தகட்டுல புதுசா ஓட்டை போடவே போடாதீங்க, கீழே பெட்ரோல் டேங்கும் பிரேக் குழாயும் இருக்கு. சரக்குக் கட்டுறதுக்குக் கம்பெனியே கொடுத்த வளையங்களைக் கழட்டி, அதே நட்டுல நீள போல்ட் போட்டு ப்ளைவுட்டை இறுக்கலாம்.

உயரக் கணக்கு இதுதான். உள்ளுயரம் சுமார் 193 செ.மீ. தரைக்கு ஃபோம் 25, ப்ளைவுட் 12, வினைல் 3, ஆக 40 மி.மீ. கூரைக்குச் சட்டமும் பலகையும் சேர்த்து 40, 50. மிச்சம் 184 செ.மீ. 5 அடி 10-ங்கிறது 178. செருப்போட நிக்கலாம், தொப்பி போட்டா இடிக்கலாம். குறுக்கா படுக்கிறது இழுபறி. வேன் அதிகமா அகலுற இடத்துலயே 192 செ.மீ.தான். ரெண்டு பக்கமும் அஞ்சு அஞ்சு போனா 182 மிஞ்சும், தலையும் காலும் இடிச்சுக்கும். கட்டில் வர்ற உயரத்துல மட்டும் மரச் சட்டம் அடிக்காம, விலா எலும்பு மாதிரி இருக்கிற தூண்களுக்கு நடுப் பள்ளத்துலேயே மெல்லிய பலகையை உட்கார வச்சா ரெண்டு பக்கமும் சில சென்டிமீட்டர் திரும்பக் கிடைக்கும்.

றைன்கரை (ஜேர்மனி)

இஞ்ச உங்கட வானுக்குப் பெயர் ஃபியட் டுக்காற்றோ. ரெண்டும் ஒரே குடும்பம், ஆகவே ஐரோப்பாவில செய்யிற முறை அங்கயும் அப்படியே பொருந்தும்.

கால்கரி நண்பர் சொன்ன ஒழுங்கில எனக்கு மறுப்பில்லை. பொருளைப் பற்றிச் சொல்லுறன். இஞ்ச கனபேர் பாவிக்கிறது ஆர்மாஃப்ளெக்ஸ், கைஃப்ளெக்ஸ் மாதிரியான கறுப்பு இறப்பர் ஃபோம், பின்பக்கம் பசையோட வரும். 19 மி.மீ. தாள் தகட்டில நேரடியா ஒட்டுப்படும். மூடின கண்ணறை எண்டதால ஈரக்காத்து தகட்டைத் தொடவே விடாது. அதுதான் அதின்ர பலம். 19 மி.மீ.க்கு வட அமெரிக்கக் கணக்கில ஆர்-3 அளவுதான் வரும் (ஆர் எண்டது வெப்பத்தைத் தடுக்கிற எண், கூடினால் நல்லது), கூரைக்கு ரெண்டு அடுக்குப் போடுவினம். ஒட்டுறதுக்கு முதல் ஐசோப்ரோப்பைல் அல்ககோலால துடையுங்கோ, தகடு 15 பாகைக்கு மேல இருக்கட்டும். குளிர்த் தகட்டில ஒட்டினது அடுத்த கோடையில உரிஞ்சு தொங்கும். வளைவில இழுத்து ஒட்டக்கூடாது. இழுபட்டது திரும்பச் சுருங்கும், மூட்டு பிளக்கும்.

தின்சுலேட் எஸ்எம்600எல் வேற சாதி. 42 மி.மீ. தடிப்பில ஆர்-5.2, நார் தண்ணியை உறிஞ்சாது, ஒட்டுறது வலு சுகம். ஆனா அதுக்குள்ளால ஈரக்காத்து போய்வரும். போனது காய்ஞ்சு வெளியேற வழி விட்டால் பிரச்சினை இல்லை. உங்கட அளவுக்குச் சுவர், கூரை, கதவுகள் எல்லாம் சேர்த்து 5 அடி அகல உருளையில 50 அடி பிடிக்கும். த்ரீஎம் 90 பசை நாலு, அஞ்சு டப்பா. தகட்டிலும் பஞ்சிலும் ரெண்டு பக்கமும் அடிச்சு, கை ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற பதத்தில அமத்துங்கோ. மலிவான கைவேலைப் பசை கூரை வெயிலில இளகி, பஞ்சு முழுக்க தலையில விழும்.

பிங்க் பலகை தரைக்கு நல்லது. சுவருக்கு நான் போடமாட்டன். வளைஞ்ச தகட்டில நேரான பலகை ஒட்டாது, பின்னால இடைவெளி நிக்கும், ஈரக்காத்து அங்க போய்த்தான் தண்ணியாகும். ஒட்டியே ஆகவேணும் எண்டால் கரைப்பான் கலந்த பசையைக் கிட்டவும் கொண்டுபோகாதேங்கோ, ஃபோம் உருகிப் போகும். ஃபோம் பலகைக்கெண்டே விக்கிற பசை வேணும். வெள்ளித் தாள் ஒட்டின பாலியைசோ பலகையின்ர ஆர் எண்ணைப் பாத்து மயங்கவேண்டாம், நல்ல குளிரில அதின்ர தடுப்பு குறையும். கம்பளி நல்ல சாமான்தான், ஈரத்தை எடுத்து விடும். ஆனா தகட்டோட ஒட்டாது, ஓட ஓடக் கீழ இறங்கும். மேல வெறுமை, கீழ பொதி. நூலோ வலையோ குறுக்கும் மறுக்கும் இழுத்துக் கட்டவேணும்.

ஸ்பிறே டப்பா ஃபோம் பற்றி நீங்கள் கேக்கேல்லை. எண்டாலும் யாரோ ஒரு ஆள் சொல்லத்தான் போறார். பெரிய தகட்டுக்குப் பின்னால அதை நிரப்பினால் வீங்கி வெளித் தகட்டையே புடைக்கப் பண்ணும். தூண்களின்ர பொள்ளலுக்குள்ள அடிச்சால் தண்ணி வடியிற துளை அடைபடும், உள்ளுக்குள்ள காத்தில்லாததால நடுப்பகுதி இறுகாமலே கிடக்கும். கதவின்ர அடி விளிம்பிலயும் துளைகள் இருக்கு, அதுகளை எதாலயும் மூடவேண்டாம்.

பிளாஸ்ரிக் தாள் வேண்டாம். வீட்டில அது சரி, சுவர் நேர், ஓட்டை குறைவு. வானில ஒவ்வொரு திருகாணியும் அதைக் குத்தும். அந்த ஓட்டையால போன ஈரம் திரும்பி வர வழியிராது.

ஈரமானி (ஒட்டாவா)

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். உள்பரப்பு சுமார் 30 சதுர மீட்டர். வெளியே மைனஸ் 20, உள்ளே 18, வித்தியாசம் 38 பாகை. வெறுந்தகடு என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு பாகைக்கு 6 வாட் வரை போகும். ஆக ஏறத்தாழ 6.8 கிலோவாட். எல்லா இடமும் ஆர்-5 அளவு மூடினால் அதே பரப்பு 1 கிலோவாட்டுக்கு இறங்குகிறது. ஆனால் முன்கண்ணாடி, ஓட்டுநர் கதவுகள், பின்கண்ணாடி சேர்ந்து கிட்டத்தட்ட 3 சதுர மீட்டர். அவை மட்டும் 700 வாட். மூடாத இரும்புத் தூண்கள் ஒரு முந்நூறு, நானூறு. காற்றோட்டத்துக்கு இன்னும் இருநூறு. மொத்தம் 2.3 கிலோவாட், அதாவது 2 கிலோவாட் ஹீட்டர் திணறும்.

இந்தக் கணக்கில் சுவரை ஆர்-5 இலிருந்து ஆர்-10 ஆக்கினால் மிச்சம் 500 வாட்தான், அதுவும் இடத்தைத் தின்றுவிட்டு. கண்ணாடிக்குத் தின்சுலேட் வைத்துத் தைத்த காந்த மறைப்பும், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தடித்த திரையும் போட்டால் கிட்டத்தட்ட அதே அளவு மிச்சம், செலவு அதில் ஒரு பங்குதான்.

ஈரத்துக்கு வருவோம். 18 பாகையில் ஈரப்பதன் 60 வீதம் இருந்தால் 10 பாகைக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீர் துளிர்க்கும். வெளியே மைனஸ் 20 என்றால் மூடாத தூண் ஒவ்வொன்றும் அதற்குத் தகுதி. இரண்டு பேர் மூச்சும் வியர்வையும் ஓர் இரவில் அரை லிட்டரைத் தாண்டும். அடுப்பு அதற்கு மேல்: 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும். புகைக்குழாய் இல்லாத புரொப்பேன் ஹீட்டரை உள்ளே வைத்துக் குளிர் காய்கிறவர்களின் வானில் காலையில் மழை பெய்வது இதனால்தான். எபர்ஸ்பேச்சர், வெபாஸ்டோ வகை ஹீட்டர் எரிப்புக்கான காற்றை வெளியே எடுத்து வெளியேயே விடும், உள்ளே வருவது உலர்ந்த சூடு மட்டும். பெற்றோலில் ஓடும் மாதிரியும் உண்டு. புகைக்குழாய் கதவுக்கு அடியில் முடியக்கூடாது, வண்டியின் ஓரம் தாண்ட வேண்டும். கார்பன் மோனொக்சைட் அலாரம் படுக்கைத் தலைமாட்டில், புரொப்பேன் அலாரம் தரைக்குச் சற்று மேலே. அந்த வாயு காற்றைவிடக் கனம்.

விசிறியைக் குளிரிலும் ஓட விடுங்கள், மிகக் குறைந்த வேகத்தில். உள்ளே காற்று வர வேறொரு வழி, முன் ஜன்னலில் ஒரு விரல் இடைவெளி, கட்டாயம். அது இல்லாவிட்டால் விசிறி கதவு ரப்பர் வழியே இழுக்கும், பனி அங்கே உறையும், காலையில் கதவு திறக்காது.

பனங்கூடல்

எல்லாருக்கும் நன்றி. சுவருக்கும் கூரைக்கும் தின்சுலேட், தரைக்கு பிங்க் பலகை, ஹீட்டர் பெற்றோல் எண்டு முடிவு. இன்னும் நாலு கேள்வி. தூண்களுக்கு மேல பலகையை எப்பிடிப் பூட்டுறது? கூரைக்கு சீடர் பலகை அடிக்க விருப்பம், பிழையோ? தரைக்கு கிளிக் வினைல் மலிவாக் கிடைக்குது, போடலாமோ? பின்கதவு, இழுவைக் கதவுகளின்ர வளைவுகளை என்ன செய்யிறது?

தச்சுப்பட்டறை (கால்கரி)

தூண்ல ஏற்கெனவே கம்பெனி ஓட்டை நிறைய இருக்கும், முதல்ல அதைப் பயன்படுத்துங்க. எம்6 ரிவ்நட்டுக்கு (தகட்டு ஓட்டையில இறுகி உட்கார்ந்து போல்ட்டைப் பிடிக்கிற நட்) 9 மி.மீ. ஓட்டை. மெல்லிய தகட்டுல சாதா ரிவ்நட் இறுக்கும்போது சுத்திக்கும். பின்னாடி நாலு இதழா விரியுற ரகம் கேட்டு வாங்குங்க, நல்லாப் பிடிக்கும். புது ஓட்டை போடணும்னா ட்ரில் முனையில டேப் சுத்தி ஆழம் குறிச்சுக்கோங்க. ஓட்டுநர் பக்கம் பெட்ரோல் ஊத்துற குழாய் போற இடத்தை முன்கூட்டியே கண்ணால பார்த்துக்கோங்க. போட்ட ஓட்டைக்குப் பெயிண்ட் தொட்ட பிறகுதான் ரிவ்நட்.

தூணுக்கும் மரச் சட்டத்துக்கும் நடுவுல 5, 6 மி.மீ. மூடிய கண்ணறை ஃபோம் டேப் ஒட்டணும். இது இல்லாட்டி குளிர் இரும்பிலிருந்து நேரா மரத்துக்கு வரும், ஸ்க்ரூ தலையில பனி பூக்கும். சட்டத்துமேல 6 மி.மீ. ப்ளைவுட். 3 மி.மீ. முரசு மாதிரி அதிரும். சுவர்ப் பலகையைப் பசை போட்டு ஒட்டாதீங்க, ஸ்க்ரூ மட்டும். நாளைக்கு விசிறி ஓரமா ஒழுகினா அரை மணியில கழட்டிப் பார்க்கணும்.

சீடர் தப்பே இல்லை, கால் அங்குலத்தது எடையும் குறைவு. ஒவ்வொரு துண்டையும் அடிக்கிறதுக்கு முன்னாடி முன்பக்கம், பின்பக்கம், ஓரம் எல்லாம் நீர் கலந்த பாலியூரித்தேன் ரெண்டு கோட் அடிங்க. முன்பக்கம் மட்டும் அடிச்சா பின்பக்கம் ஈரம் குடிச்சுக் கிண்ணம் மாதிரி வளையும். நடுவுல இருந்து ரெண்டு ஓரத்துக்கும் போங்க, கடைசித் துண்டோட கோணல் அலமாரிக்குப் பின்னாடி மறைஞ்சிடும். ஓரத்துல 5 மி.மீ. இடம் விடுங்க. ஆணி, பின் மட்டும் நம்பாதீங்க, ஒவ்வொரு சட்டத்துலயும் ஸ்க்ரூ இறங்கணும்.

கிளிக் வினைல் வேண்டாம். மைனஸ் 25-ல நிறுத்தின வேன் ஜூலையில 50 பாகைக்குப் போகும். சுருங்கி விரிஞ்சு பூட்டு உடையும், இல்லைன்னா அலமாரி அழுத்துற இடத்துல நிமிர்ந்து நிக்கும். ஒரே துண்டா வர்ற ஷீட் வினைல் வாங்கி, ரெண்டு நாள் வீட்டுக்குள்ள விரிச்சு வச்சு, ஓரம் மட்டும் ஒட்டுங்க. இழுவைக் கதவுப் படியில அலுமினியப் பட்டி போடுங்க, இல்லாட்டி பூட்ஸ் தட்டி அந்த ஓரம்தான் முதல்ல கிழியும்.

றைன்கரை (ஜேர்மனி)

வளைவுகளுக்கு நாலு பக்கமும் இழுபடுற மெல்லிய கார்ப்பெற் துணி இருக்கு, இஞ்ச வானுக்கெல்லாம் அதுதான். அதிக வெப்பம் தாங்கிற ஸ்பிறே பசை துணியிலயும் தகட்டிலயும் அடிச்சு, நடுவில ஒட்டி வெளியால தடவிக்கொண்டு போங்கோ. பள்ளத்துக்குள்ள முதல் அமத்தி, பிறகு மேட்டுக்கு வாருங்கோ. மறுவளமாப் போனால் பள்ளத்தில துணி எழும்பி நிக்கும்.

இழுவைக் கதவுக்குள்ள பூட்டின்ர கம்பிகள் ஓடும். தின்சுலேட்டைக் கதவுத் தகட்டோட ஒட்டி, கம்பிக்கு இடம் விட்டு வெட்டுங்கோ. மூடுறதுக்கு முதல் பத்துத் தரம் திறந்து பூட்டிப் பாருங்கோ.

ஈரமானி (ஒட்டாவா)

ஒன்று விட்டுப்போயிற்று. பனிக்கு உப்புப் போடும் ஒன்ராறியோத் தெருக்களுக்காகத் துருத் தடுப்பு எண்ணெய் அடிப்பீர்கள்தானே. இன்சுலேஷன் ஒட்டுவதற்கு முன் அதை உள்ளே அடித்தால் எந்தப் பசையும் பிடிக்காது. ஒட்டி முடித்து, பலகை மூடுவதற்கு முன் தூண்களின் பொள்ளலுக்குள்ளும் கதவு அடிக்குள்ளும் மட்டும் நீளக் குழாய் வைத்து அடியுங்கள். வண்டியின் அடிப்பக்கம் வழக்கம்போல ஆண்டுதோறும். அடிக்கிற கடையில் உள்ளே பலகை வேலை நடக்கிறது என்று சொல்லிவிடுங்கள், அவர்கள் துளைக்கிற இடத்துக்குப் பின்னால் உங்கள் வயர் இருக்கலாம். இன்சூரன்ஸ்காரரிடமும் வேலை தொடங்குமுன் எழுத்தில் தெரிவியுங்கள். சாமான் வான் என்று பதிந்ததற்குள் கட்டிலும் அடுப்பும் இருந்தால், விபத்துக்குப் பிறகு வாதாட வேண்டியிருக்கும்.